எட்டாம் மைல் சாலைக்கு வடக்கே

எட்டாம் மைல் சாலைக்கு வடக்கே
என் அக்கா வெர்னீஸ்.
தெற்கே நான்.
நடுவில் எட்டுத் தடம், ஒரு பழைய டயர் கடை,
காப்பீட்டுக்காரர் கணக்கில்
மாதம் இருநூற்றுப் பதினான்கு டாலர்.

கார் அதே கார்.
பிரேக்கை மிதிக்கிற காலும் அதே கால்.
"உங்கள் அஞ்சல் குறியீடு அப்படி" என்றாள்
தொலைபேசியில் ஒருத்தி,
நான் துணி வெளுக்கும் ஆஸ்பத்திரியில்
நோயின் பெயரைச் சொல்வார்களே, அந்தக் குரலில்.

காப்பீடு இல்லாமல் ஓட்டக் கூடாது, சட்டம்.
காலை நாலரைக்குப் பஸ் வந்தாக வேண்டும் என்று
ஒரு சட்டமும் இல்லை.
ஆகவே
அக்கா வீட்டு மாடியறையில் தூங்குகிறேன், தாளில்.
அவள் வாசல் மேப்பிள் மரத்தடியில்
நிற்கிறது என் கார், தாளில்.

மடியில் கனமில்லை.
இருந்தும் வழியெல்லாம் பயம்.
கண்ணாடியில் போலீஸ் வண்டி தெரிந்தால்
என் வாய் தானாக முணுமுணுக்கும்
நான் குடியிருக்காத வீட்டின் எண்ணை.

பிப்ரவரி. கோனன்ட் தெரு முனை.
சிவப்பு விளக்கில் நான் நின்றேன்.
அவனும் நிற்கத்தான் பார்த்தான்,
பனிக்கட்டி விடவில்லை.

இறங்கினான். இருபது வயதுகூட இராது.
பெயர் ஹைதம். பின் சீட்டில்
தட்டுத் தட்டாகச் சூடான ரொட்டி,
பாதி தரைவிரிப்பில்.
"தாள் இருக்கிறதா?"
இருவரும் ஒரே நேரத்தில் கேட்டோம்.

அவனிடம் இருந்தது.
நம்பர் பிளேட் வாங்குவதற்காகப்
போட்ட ஏழு நாள் காப்பீடு.
ஏழாம் நாள் போய் ஐந்து மாதம்.
அவன் தாளில் முகவரி உண்மை, தேதி செத்துவிட்டது.
என் தாளில் தேதி உயிரோடு, முகவரி பொய்.
இரண்டையும் சேர்த்து ஒட்டினால்
சட்டப்படி ஓட்டத் தகுந்த
ஒரு ஆள் தேறும்.

என் பின்விளக்கின் சிவப்புச் சில்லுகளை
அவன் குனிந்து பொறுக்கினான், கையுறை இல்லாமல்.
நான் தடுக்கவில்லை.
தூரத்தில் ஒரு சைரன்.
ஆம்புலன்ஸ்தான்.
ஆனாலும் ஓடினோம்,
அவரவர் கதவுக்கு.

விளக்குக்குச் சிவப்பு டேப் ஒட்டியிருக்கிறேன்.
மழையில் உரியும், மறுபடி ஒட்டுவேன்.
கழுத்து இடப்பக்கம் திரும்ப மறுக்கிறது.
திரும்ப வேண்டிய தெருக்களை
வலப்பக்கமாகவே சுற்றிப் போய்ச் சேர்கிறேன்.

நேற்று வெர்னீஸ் கூப்பிட்டாள்.
"உனக்கு ஒரு கடிதம் வந்திருக்கிறது, படிக்கட்டுமா?"
படித்தாள்:
அன்புள்ள ஓடெல்லா,
விபத்தே இல்லாத இன்னொரு ஆண்டுக்கு
எங்கள் வாழ்த்துகள்.
பதினொரு டாலர் தள்ளுபடி.

"சிரிக்கிறாயா அழுகிறாயா?" என்றாள்
எட்டாம் மைல் சாலைக்கு வடக்கேயிருந்து.
கழுத்து, என்றேன்.