பதினோராம் பக்கத்துப் பென்சில்

பூட்டு திறப்பது என் பிழைப்பு.
அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்:
கொண்டை ஊசியை நான் நம்புவதில்லை.
பழைய துப்பறியும் கதைகளில்
அத்தியாயத்துக்கு ஒருத்தி
அதை வைத்தே அலமாரி, அந்தரங்கம் எல்லாம் திறக்கிறாள்.
போகட்டும்.
எனக்கு ஆறாதது வேறு:
பனிப்புயலில் சிக்கிய மாளிகை,
பன்னிரண்டு விருந்தாளிகள், நான்கு பிணங்கள்,
ஒருவருக்குக்கூட மூக்கு ஒழுகவில்லை.

மொந்தெவிதேயோவில் ஞாயிறு என்றால்
திரிஸ்தான் நர்வாஹா சந்தை.
துருப்பிடித்த சாவிக் கொத்துகளுக்கும்
கூண்டுக் குருவிகளுக்கும் நடுவே
தார்ப்பாயில் பரப்பி வைத்திருப்பாள் நெலிதா
மஞ்சள் அட்டைக் கொலைகளை.
கடைசிப் பக்கம் கிழிந்தவை பாதி விலை.
நான் பொறுக்குவது அவற்றைத்தான்.
கஞ்சத்தனம் என்கிறான் வில்மார்.
இல்லையப்பா.
இருநூறு பக்கம் அழகாகப் பொய் சொன்ன மனிதர்
முடிவில் எல்லோரையும் கூடத்தில் உட்காரவைத்து
வாத்தியார் ஆகிவிடுகிறார்.
அந்த வகுப்புக்கு நான் போவதில்லை.

போன ஜூனில்,
தென்கிழக்குக் காற்று குடைகளைத் தோலுரித்த நாளில்,
ஒன்று அகப்பட்டது.
பதினோராம் பக்க ஓரத்தில்
யாரோ பென்சிலால் எழுதியிருந்தார்கள்:
“பல் டாக்டர்தான்.”
பாவி!
ஆனாலும் படித்தேன்.
டாக்டர் கை கழுவினால் சந்தேகம்,
காபிக்குச் சர்க்கரை வேண்டாமென்றால் சந்தேகம்.
நூற்று நாற்பதாம் பக்கத்தில்
டாக்டரே செத்துக் கிடந்தார்.
பேருந்தில் வாய்விட்டுச் சிரித்தேன்;
பக்கத்து இருக்கைக்காரர்
தன் மாத்தேக் குடுவையை
அந்தப் பக்கம் நகர்த்திக்கொண்டார்.
எழுதியவர் பெயர் மறந்துபோச்சு.
பென்சில்காரரை மறக்க முடியவில்லை.
எத்தனை வருடம் முன்னால்
எந்த ஈரமான மதியத்தில்
முகம் தெரியாத எனக்காக
இவ்வளவு சிரத்தையாக ஒரு பொய்!

வில்மார் திரைப்படக் கழகத்தில் படம் ஓட்டுகிறவன்.
செவ்வாய்க்கிழமை கறுப்பு வெள்ளை.
நிழல்தான் நடிப்பு என்பான்.
நிழல் என்பது செட்டுக்குக் காசில்லாமை என்பேன்.
சண்டை முடியாது, பீட்சா முடிந்துவிடும்.
மூன்றாம் மாடியிலிருந்து விழுந்தும்
தலையை விட்டுக் கழலாத தொப்பியை,
கொட்டும் மழையில் ஒரே கிழிப்பில்
பற்றிக்கொள்ளும் தீக்குச்சியை
நான் கைதட்டி வரவேற்கிறவள்தான்.
ஆனால் தொண்டை அடைத்தது ஒரே இடத்தில்.
டெலிபோன் இணைப்பகத்தில், கூட்டத்தில் ஒருத்தி,
ஒன்பது வினாடி,
புறங்கையால் வாயை மறைத்துக் கொட்டாவி விடுகிறாள்.
அது நடிப்பில்லை.
அந்த வருடம் அந்த இரவு
யாரோ உண்மையிலேயே தூங்கவில்லை.
திரும்ப ஓட்டு என்றேன்.
முணுமுணுத்துக்கொண்டே ஓட்டினான்.

இசையைப் பற்றிக் கேட்டால்,
எங்கள் தெரு முரசுகளுக்கு அப்பால்
எனக்கு அபிப்பிராயம் கிடையாது.
அந்தி சாயும்போது
நடைபாதை ஓரம் அட்டைப்பெட்டிகளை எரித்து
தோலுக்கு முறுக்கேற்றுவார்கள்.
இங்கே பியானோ என்றால்
கட்டைகள் வைத்த பெட்டி அல்ல;
வயிற்றில் இடிக்கும் பெருமுரசு.
ரெபிக்கே வாயாடி,
ஊர் பார்க்க வந்தவர்கள் அதைத்தான் படம் எடுக்கிறார்கள்.
நான் பார்ப்பது சிக்கோவை,
இருப்பதிலேயே சின்னது.
கிரிசெல்தா அடிக்கிறாள்,
வாரநாளில் தபால்தலை கிழித்துக் கொடுப்பவள்.
இரண்டு மணி நேரம் அதே அடி,
அலங்காரம் இல்லை, அலுப்பும் இல்லை.
அவள் நிறுத்தினால்
நாற்பது முரசும் நடக்க மறந்துவிடும்.

கதையாக இருந்தால் கொலைகாரி நீதான்,
யாரும் பார்க்காதவள், ஒருமுறையும் தப்பாதவள்
என்று அவள் காதருகே கத்தினேன்.
தாளம் பிசகாமல்
ஒரு கண்ணை மட்டும் சிமிட்டினாள்.

அந்தப் புத்தகத்தை
நெலிதாவிடமே திருப்பி விற்றுவிட்டேன்.
அதற்கு முந்தைய இரவு பென்சிலைச் சீவி
பதினோராம் பக்கத்தில், பழைய வரிக்குக் கீழே,
“இல்லை, சமையல்காரி” என்று எழுதினேன்.
அதுவும் பொய்.

இப்போது பத்து பேசோ கூட்டி விற்கிறாள்.
கேட்டால்,
இதில் இரண்டு பேர் கூடுதலாக இருக்கிறார்களே
என்கிறாள்.