அணியத்துப் பாரம்

கொட்டர் பின்னை நிமிர்த்தி இழுத்தால்
நட் கழரும், வாசர் கழரும்,
பிறகு காத்தாடி
பழுத்த பலாச்சுளைபோல் கையோடு வந்துவிடும்.
மூன்று இதழ். ஒன்றில் பல்லு விழுந்திருந்தது.
நாயாற்றுப் பாரில் அடிபட்டது.

றெமீசியஸ் பதின்மூன்று வேணும் என்றார்.
ஒரு சுற்றுக்குப் பதின்மூன்று அங்குலம் முன்னால் போகுமாம்,
தண்ணி வழுக்காவிட்டால்.
தண்ணி எப்ப வழுக்காமல் விட்டது?

லீசிங் புத்தகமும் மண்ணெண்ணெய்ச் சிட்டையும்
என்னுடைய அலுமாரியில்தான்.
அதனால் நானும் ஏறினேன்.
வேணுகாந்தனிடம் மீற்றரை இரவல் வாங்கி
பிளக் வயரில் சுற்றி
கள்ளப்பாட்டிலிருந்து நேர்கிழக்காக ஓடிப் பார்த்து
மகளின் கணக்குக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதினேன்:

பதின்மூன்று, வெறும் போட்,
நிமிசத்துக்கு ஐயாயிரத்து இருநூறு சுற்று.
"பார், எப்பிடிப் பறக்குது" என்றார்.
அதே பதின்மூன்று, வலையும் ஐஸும்
முந்நூறு கிலோ சூடையும்,
நாலாயிரத்து நானூறு.
எஞ்சின் இருமியது. கறுப்பாய்த் துப்பியது.
எங்களுக்கு முன்னால் நாலு போட் கரையேறி
ஏலம் முடிந்திருந்தது.

போகும்போது நாங்கள் ஒன்றும் விற்பதில்லை
என்று மட்டும் சொன்னேன்.

ஆருக்காக எடுக்கிறது காத்தாடி?
வெறுமையாய்ப் போகிற போட்டுக்கா,
நிறைந்து வருகிற போட்டுக்கா?
வெறுமையாய்ப் போய் வெறுமையாய் வருகிற நாள்களுக்கு
எந்த அங்குலமும் கடையில் இல்லை.

பன்னிரண்டு எடுத்தோம்.
கொழும்பு பஸ்ஸில் பேப்பர் சுற்றி
முன்சீற்றில் ஒரு ஆளைப்போல இருந்து வந்தது.

அதைப் பூட்டி முழுதாய் முறுக்கினால்
அணியம் குதிக்கத் தொடங்கியது.
எழும்பும், விழும், எழும்பும்,
விக்கல் எடுத்த பிள்ளை மாதிரி.
ஒவ்வொரு விழுகையும் என் முள்ளந்தண்டில்.
திருப்பினால் காத்தாடி காற்றைக் குடித்து
வெறுமனே ஊளையிட்டது.

எஞ்சினின் பின்னை ஒரு ஓட்டை உள்ளே போட்டோம்.
குறைந்தது, நிற்கவில்லை.
எண்ணெய்க் கானை நடுவுக்குத் தள்ளினோம்.
இன்னும் கொஞ்சம் குறைந்தது.
பிறகு நான் எழும்பி, விளிம்பைப் பிடித்துப் பிடித்துப் போய்
அணியத்தில் குந்தினேன்.

கடல் மட்டமானது.
போனில் இருபத்தொரு நொட்ஸ்.
பின்னாலிருந்து கத்தினார்:
"அசையாதை! அப்பிடியே இரு!"
அறுபத்திரண்டு கிலோ.
கட்டிப் பதினெட்டு வருசத்தில்
என் நிறையை அவர் புகழ்ந்தது அன்றுதான்.

கரையில் கயிறு சுற்றிக்கொண்டு சொன்னார்,
"ஒவ்வொரு நாளும் நீ வரேலாதுதானே,
ஒரு மண்மூட்டை தைச்சுத் தா.
பழைய சீலை ஏதும் கிடக்கும்."

கிடந்தது.
நான் ஊசி எடுக்கவில்லை.
மாத்தளனில் ஒரு கிழமைக்குள்
பதினொரு சீலை தைத்தேன், கூறையைக் கடைசியாக.
மண் நிறைந்த சீலை என்ன பாரம் என்று
மீற்றர் இல்லாமலே எனக்குத் தெரியும்.
அவருக்கும் தெரியும்.
அள்ளிப் போட்டது அவர்தானே.

கயிற்றின் நுனி எங்கே என்று
கனநேரம் தேடினார்.

விடிய நான் போனபோது
அணியத்தில் மூன்று தண்ணிக் கான்,
இருபது லீற்றர்ப்படி,
ஆடாமல் இறுக்கிக் கட்டியிருந்தது.
ஒன்றில் குடிக்கவென்று கோப்பையும் கொழுவி.

இரண்டு கிலோ குறைவு.
எழுதி வைத்திருக்கிறேன்.
தென்கிழக்கு அலையை வெட்டித் திரும்பும்போது
லேசாய் ஒருக்கால் விக்கும்.
விக்கட்டும்.