ஒழுக்கு

ஜாம்புவானோடையில் ஏறும்போதே
இதாயத்துல்லா சொல்லிவிட்டான்:
கண்ணாடிச் சட்டம்தான். வேற எங்கயும் இருக்காது.
சட்டத்தைக் கழற்றி
பழைய பசையைச் சுரண்டிப் புதுசு அப்பி
கட்டைவிரலால் நீவி முடித்தோம்.
கோரையாற்றின் வாயைத் தாண்டி
லகூனில் நங்கூரம் விழுந்ததும்
கார்த்திகை மழை பிடித்துக்கொண்டது.
தலையணையில் அதே இடம்.
அதே காது.

உப்பு அளக்கிற வேலை எங்களுக்கு.
ஆறு மணி நேரத்துக்கு ஒரு குப்பி
தண்ணீர் மொண்டு, நம்பர் எழுதி
மரப்பெட்டியில் அடுக்க வேண்டும்.
யூரியா சாக்கில் தைத்த பாய்.
ஒட்டுப்பலகையில் அடித்த அறை.
அதில் இரண்டு பேர் கால் மடக்கிப் படுக்கலாம்,
ஒருவர் நனையாமல்.

எனக்குத் தலைஞாயிறு. கடைமடை.
மேட்டூரில் திறக்கிற தண்ணீர்
பாதி வருஷம்
எங்கள் மதகுக்கு முன்பே தீர்ந்துவிடும்.
கூப்பிட்டு வராதது
இங்கே கூப்பிடாமல் வந்து
காதில் விழுகிறது.

வரப்பில் நண்டு வளை அடைத்தவனுக்குத் தெரியும்,
தண்ணீர் வெளியே வருகிற இடம் வேறு
நுழைகிற இடம் வேறு.
கசிகிற வாயில் எத்தனை கூடை மண் போட்டாலும்
பக்கத்தில் இன்னொரு வாய் திறக்கும்.

மழை விட்ட மத்தியானம்
இதாயத்துல்லாவின் முகப்பவுடரைத் துணியில் தொட்டு
கூரையின் உள்பக்கம் முழுக்க ஒற்றினேன்.
"கல்யாண வீட்டுக்கு வச்சிருந்தேன்டா."
மேலே ஏறி அவன் வாளியால் ஊற்றினான்,
சாண் சாணாக, பின்னாலிருந்து முன்னால்.
கீழே நான் மல்லாந்து, டார்ச்சோடு.
கண்ணாடி இல்லை.
பாய்மரம் நுழைகிற வளையமும் இல்லை.
"இப்ப?"
"இல்ல."
"இப்ப?"

வெள்ளையில் ஒரு கறுப்பு நூல்.
ஊர்ந்தது. உத்திரத்தைத் தொட்டது.
கொஞ்சம் யோசித்தது.
உத்திரத்தோடே நாலடி நடந்து
மரத்தின் முடிச்சுக் கண்ணில் நின்று திரண்டு
சரியாக என் தலையணைக்கு மேல்
விட்டது.

நூலின் மறுமுனையில் ஒரு திருகாணி.
துறையின் பெயர்ப்பலகையைப் பிடித்திருந்த நாலில் ஒன்று.
போன மாசியில், அதிகாரி வருகிறாரென்று
அவசரமாக நான் முடுக்கியது.
வாஷர் போடாமல்.

இதாயத்துல்லா ஒன்றும் சொல்லவில்லை.
சட்டத்துக்கு அப்பிய பசை டப்பாவை எடுத்து
விலையை மட்டும்
உரக்க வாசித்தான்.

பலகையை இறக்கினோம்.
ஓட்டையைச் சுற்றி மரம் ஊறித்
தேயிலைச் சக்கை நிறத்தில்
நகம் பட்டாலே உதிர்ந்தது.
நல்ல மரம் தட்டுப்படும்வரை சுரண்டி
சூடு காட்டி உலர்த்தி
குங்கிலியமும் புன்னை எண்ணெயும் காய்ச்சி விட்டோம்.
என் ரப்பர் செருப்பின் குதிகாலில்
நாலு வட்டம் வெட்டி
திருகாணிக்கு ஒன்றாகக் கோத்து முடுக்கினேன்.
"முழுக்க இறுக்காத.
காஞ்சப்புறம் கடைசிச் சுத்து" என்றான்.

ராத்திரி மழை
முறம் முறமாகக் கொட்டியது.
உள்ளே ஒன்றுமில்லை.
அண்ணன் போனில் வந்தான்:
"இன்னும் வடியலடா. சம்பா மூணு நாளா முழுகிக் கெடக்கு.
வடிகாலெல்லாம் ஆகாயத்தாமர."
இங்க நின்னுடுச்சு என்று
வாயெடுத்து
சொல்லவில்லை.

விடியக் கொஞ்சம் முன்னால்
ஒரு சொட்டு.
அதே காது.

டார்ச் அடித்தேன். திருகாணி காய்ந்திருந்தது.
கூரைதான் வேர்த்திருந்தது, முழுக்க,
பவுடர் பிசுபிசுத்து.
எல்லா ஓட்டையும் அடைத்த அறையில்
இரண்டு பேர் விட்ட மூச்சு
போக வழியில்லாமல் மேலே ஒட்டி
திரும்பி வந்துகொண்டிருந்தது.
விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன்.
உப்பில்லை.
கல்யாண வீட்டு வாசனை.

எழுந்து கதவைத் தள்ளி
மிச்சச் செருப்பை இடுக்கில் செருகினேன்.
சாரல் காலில் பட்டது.
அடுத்த குப்பிக்கு
இன்னும் நேரமிருந்தது.