மேசையில் கிடந்த இடம்

மட்டக்களப்போடு முடிகிறது பாதை.
அதுவரை எல்லாம் சரியாகத்தான் இருந்தது:
மன்னம்பிட்டிப் பாலம்,
பாத்திரம் தேய்க்கும் பஞ்சில் புனானைக் காடு,
சாண் நீள உதயதேவி.

ஸ்டேஷன் வந்தது. நிற்கவில்லை.
பாதை முடிவின் சிவப்புக் கட்டையை
அவர் வைக்கவே இல்லை.
களுவாஞ்சிக்குடி, கல்முனை, நிந்தவூர் வயல்...
கடைசி மேசையில்
அக்கரைப்பற்று என்று ஒரு பலகை,
பையோடு நெல்லளவில் ஒருத்தி.
முகம் வரையவில்லை.

"இந்தப் பாதை எங்க இருக்கு?"
ஜௌசி கண்ணாடியைக் கழற்றாமல் சொன்னார்:
"மேசையில எடம் கிடந்திச்சு."

ஐந்தே கால் பஸ்.
இருக்க இடமில்லை.
ஆரையம்பதியில் ஆள் ஏற்ற நின்றது,
தாளங்குடாவில் மறுபடி.
கம்பியைப் பிடித்தபடி எண்ணிப் பார்த்தேன்.
அங்கே இது
பதினொரு செக்கன்.