ரானு என்றால் தண்ணீர்

பள்ளிக்கூடத்துக்கு அவன் பெயரை வைக்கிறார்களாம்.
கல்லில் வெட்ட நாலு வரி வேண்டுமென்று
மாவட்ட அலுவலகத்திலிருந்து ஒருவன் வந்து நிற்கிறான்.
வெலுன்ஜாராவோடு காட்டில் கிடந்தவர்களில்
எழுதத் தெரிந்தவன் நான்தான் மிச்சம்.

பிறந்த வருஷம்?
ஏதோ ஒரு புயலுக்கு மறுநாள், என்றேன்.
எங்கள் கரையில் புயலுக்கா பஞ்சம்.
வந்தவன் ஒரு சின்னக் கோடு போட்டுக்கொண்டான்.

பதினாலு வயதில் வரி கட்டக் காசில்லாமல்
தண்டவாளக் கட்டை சுமந்தான்.
இருபத்து மூன்றில் கப்பலேற்றி அனுப்பினார்கள்,
யாரோ இரண்டு பேருடைய சண்டைக்கு.
லுவார் ஆற்றங்கரையில் இடுப்பில் ஒரு இரும்புத் துண்டு,
பிறகு நாலு குளிர்காலம் கம்பிவேலிக்குள்.
திரும்பி வந்த அன்று துறைமுகத்திலேயே
காலில் கிடந்த பூட்ஸைக் கழற்றி வாங்கிக்கொண்டு
ரசீது கொடுத்தார்கள்.
இதைப் போடலாமா என்று கேட்டேன்.
கல்லில் இடமிருக்காதாம்.

அந்த மார்ச் மாதம் என் நோட்டில் உள்ள கணக்கு:
ஈட்டி நூற்றுப் பன்னிரண்டு.
துப்பாக்கி மூன்று. அதில் ஒன்று சுடாது.
விதை பரப்பிக் குறி சொல்லும் மஹசாகா
ஒவ்வொருவன் நெற்றியிலும் ஈரக் கையை வைத்து,
"ரானு என்று கத்திக்கொண்டே ஓடுங்கள்,
அவர்கள் குண்டு தண்ணீராய்ப் போகும்" என்றான்.
வெலுன்ஜாரா பக்கத்தில் நின்றான்.
ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

இரவு கேட்டேன்:
குண்டு என்ன செய்யுமென்று உன் இடுப்புக்குத் தெரியுமே?
"தெரியும்.
மூன்று துப்பாக்கியோடு அனுப்புகிறேன்.
கூட அனுப்ப வேறென்ன இருக்கிறது என்னிடம், சொல்."
நான் சொல்லவில்லை.
மழை பெய்துகொண்டிருந்தது.

விடியலில் முகாமை நோக்கி ஓடினோம்.
ரானு! ரானு!
குண்டுகள் தண்ணீராகவில்லை,
தண்ணீர் பட்ட பாடாய் வந்தன.
சமானா என் காலடியில் விழுந்தான்,
'ரா'வுக்குத் திறந்த வாய்
'னு'வுக்குக் குவியாமலே.
நாற்பத்தொரு பெயர். எல்லாம் என் கையெழுத்தில்.
நானும் கத்தினேன், அதையும் எழுதிக்கொள்.
முன்னால் ஓடியவன் மட்டும் கத்தவில்லை.
அவன் மேல் ஒரு கீறலும் இல்லை.
அதைப் பார்த்துத்தான் பையன்கள் நம்பினார்கள்,
சொல் பலித்துவிட்டதென்று.
மறு வாரம் இருநூறு பேர் சேர்ந்தார்கள்.
அன்றைக்குத்தான் அவன் முகம் கிழடு தட்டியது.

பதினெட்டு மாதம் பிரெஞ்சுக்காரனுக்குத் தண்ணி காட்டினான்.
காடு எங்களுக்குக் கிழங்கைக் காட்டியது,
பிறகு வேரை, பிறகு பட்டையை, பிறகு ஒன்றுமில்லை.
கிடைத்ததை அவன்தான் பங்கு வைப்பான்.
கடைசிப் பங்கு எப்போதும் இலையோடு ஒட்டிக்கொண்டிருக்கும்.
அது அவனுக்கு.

குழந்தைகளின் வயிறு வீங்கியபோது
கலாவாவியைச் சரணடைய அனுப்பினான்.
"என்னைத் தலைமுழுகிவிட்டதாகச் சொல்."
போய் அதிகாரியிடம் அப்படியே சொன்னாள்.
கூந்தல் மட்டும் நனையவில்லை.

அவனைப் பிடித்த இடத்தில் நான் இல்லை.
சுமை தூக்கப் போன இருவர் சொன்னது இரண்டு விதம்.
சுடுவதற்கு முன்னால் அவன் ரானு என்றானாம்.
கத்தினான் என்கிறான் ஒருவன்,
சிப்பாய்கள் ஒரு அடி பின்வாங்கினார்களாம்.
மற்றவன் சொல்கிறான்: மெதுவாகத்தான் கேட்டான்.
ஒரு ராத்திரி ஒரு பகல்
கட்டிப்போட்டிருந்தார்கள், வெயிலில்.

எது சரி என்கிறான் அலுவலகத்துப் பையன்.
தம்பி, எனக்கு எண்பதாகப் போகிறது.
எது சரியென்று தெரிந்திருந்தால்
இத்தனை வருஷம் தூங்கியிருப்பேன்.

பிணத்தின் பையில் இருந்ததை மட்டும்
அவர்களுடைய பதிவேட்டில் நானே பார்த்தேன்.
எழுதிக்கொள், நாலு வரிக்கு மேல் போகாது:

ரசீது ஒன்று.
பூட்ஸ், ஒரு ஜோடி.
பெற்றுக்கொள்ளப்பட்டது.
நல்ல நிலையில்.