முகத்தில் எதுவும் வேண்டாம்

மருந்துக்கடையின் பின்மூலையில்
வெள்ளைத் திரைக்கு முன் நிற்கவைத்து
அந்தப் பையன் சொன்னான்:
"சிரிக்க வேண்டாம். புருவம் உயர்த்த வேண்டாம்.
முகத்தில் எதுவும் வேண்டாம்."
எதுவும் இல்லாமல் நின்றேன்,
தண்டர் பேக்கு வந்த பன்னிரண்டு வருடங்களில்
ஐந்தாவது முறையாக.
நிரந்தரவாசி அட்டை, ஓட்டுநர் உரிமம்,
மருத்துவ அட்டை
எல்லாவற்றிலும் ஒருத்தி இருக்கிறாள்,
விசாரணைக்குக் கூட்டிவரப்பட்டவள் போல.

அன்றிரவுதான் தொடங்கியது.
வரவு செலவு நோட்டின் கடைசிப் பக்கம்,
மளிகைச் சீட்டு எழுதும் பென்சில்,
குளியலறைக் கண்ணாடி.
முதலில் வந்தது ஒரு பூசணிக்காய்.
இரண்டாவது, என் தம்பி.
மூன்றாவதில் இடது கண் மட்டும் நான்.
அந்தக் கண்ணை வெட்டி வைத்திருக்கிறேன்.

பிறகு 2பி, 4பி, 6பி
கருமை ஏற ஏறத் துணிச்சலும் ஏறியது.
வீட்டுக்காரர் வாடகையை உயர்த்திக் கடிதம் போட்ட நாளில்
மூக்குத் துவாரங்களை மட்டும் வரைந்தேன்,
இரண்டு சுரங்கங்கள்.
பல்லைக் கடித்தால் தாடையோரம்
ஒரு முடிச்சு எழும்புகிறது;
அதை ஒன்பது முறை வரைந்தேன்.
கொட்டாவி விட்டபடி ஒன்று.
வெங்காயம் அரிந்த கையோடு ஒன்று:
அதில் அழுகை எவ்வளவு, வெங்காயம் எவ்வளவு என்று
எனக்கே தெரியாது.
டோஸ்டரின் வளைந்த பக்கத்தில்
நெற்றி ஊதி, மோவாய் சுருங்கி,
சிரிப்பை அடக்க முடியாமல் ஒன்று.
இருப்பதில் அதுதான் என் ஜாடை.

நிறம் என்றால் மட்டும் பயம்.
இருபத்து நான்கு பென்சில் பெட்டி
எட்டு மாதம் முனை மழுங்காமல் கிடந்தது.
கறுப்புக்கு அழிப்பான் உண்டு.
சிவப்பை அழித்தாலோ
அடி வாங்கியதுபோல் கன்றிப்போகிறது தாள்.

சனிக்கிழமைகளில் வேவர்லி நூலகத்தின் கீழறையில்
ஏழெட்டுப் பேர் கூடி வரைவோம்.
யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை.
கண்ணாடியை அவரவர் கொண்டுவர வேண்டும், அவ்வளவுதான்.
சரக்கு ரயில் ஓட்டும் ரைமோ
தன் மூக்குக்கு நீலம் தீட்டியிருந்தார்.
"ஏன் நீலம்?"
"வெளியே மைனஸ் முப்பத்தொன்று" என்றார்.
பிறகு காதுக்கு ஊதா தேட ஆரம்பித்தார்.

சரிவில் இறங்கி பஸ்ஸுக்கு நடக்கையில்
உறைந்த ஏரிக்கு அப்பால்
தூங்கும் ராட்சதன் என்று இவர்கள் சொல்கிற குன்று
மல்லாந்து கிடந்தது.
என் முதுகுப்பக்கம் சூரியன் இறங்க,
அதன் மார்பெல்லாம் ரோஸ், கழுத்தடியில் நீலம்.
பஸ் ஒன்றைத் தவறவிட்டேன்.

இரவு மேசை விளக்கைப் போட்டு உட்கார்ந்தேன்.
'தோல் நிறம்' என்று அச்சிட்ட பென்சில்
யாருடைய தோலோ. ஒதுக்கிவைத்தேன்.
கண்ணுக்கடியில் பார்த்தேன்:
கத்தரிக்காய், காம்புக்குச் சற்றுக் கீழே.
உதட்டோரம் கரைத்துவைத்த புளி.
கன்னத்தின் சரிவில், நம்ப மாட்டீர்கள், பச்சை;
மாங்காய்ப் பச்சையோ பாசிப் பச்சையோ அல்ல,
துலக்காத பித்தளைச் செம்பில் களிம்பாய் ஏறும் பச்சை.
மாநிறம் என்று ஒரே சொல்லில் முடித்திருந்தார்கள்
பெண் பார்க்க வந்தவர்கள்.
அந்த ஒரு சொல்லுக்குள்
பதினொரு பென்சில் தேய்ந்தது எனக்கு.

நெற்றியில் ஆரஞ்சு வைத்தேன். அதிகம்.
அழிப்பானைத் தேடிப் போன கை
பாதியில் நின்றது.
பக்கத்திலேயே இன்னொரு ஆரஞ்சு வைத்தேன்,
முதல் பிழை தனியாக இருக்க வேண்டாமென்று.
பிறகு ஏனோ கை நிற்கவில்லை.
கழுத்தில் மஞ்சள், முடியில் நீலம்,
காதோரம் ரைமோவிடம் கடன் வாங்கிய ஊதா.
மணி இரண்டரை.

மார்ச்சில் டொராண்டோ போக
விமான நிலைய வரிசையில் நின்றேன்.
நகக்கண்ணில் இன்னும் ஆரஞ்சு.
அட்டையைப் பார்த்தார் அந்த அம்மாள்,
நிமிர்ந்து என்னைப் பார்த்தார்,
மறுபடி அட்டையை.
"இது நீங்கள்தானா?"

புருவத்தை உயர்த்தினேன்.