கையெழுத்தே போதும்

மூன்று ரயில் மாறி
நெப்ராஸ்காவிலிருந்து வாஷிங்டன் வந்தபோது
ஹோசியா விங்கேட்டிடம் இரண்டு கோட்டுகள்.
ஒன்றில் இன்னும் குதிரை லாய வாசம்.
சபையில் கடைசி வரிசை, கதவோரம்.
யார் வந்தாலும் போனாலும்
அவர் பிடரியில் காற்று.

முதல் பேச்சு கிராமத்துத் தபால் பாதைகள் பற்றி,
நான்கு நிமிடம். நான் தட்டச்சு செய்தது.
கேட்டவர் பதினோரு பேர், அதில் இருவர் உறக்கம்.
மறுநாள் பதிவேட்டில் 'கைதட்டல்' என்று அச்சாகியிருந்தது.
யார் தட்டியது என்று என்னைக் கேட்டார்.
மாடத்திலிருந்து நான்தான்.
சொல்லவில்லை.

ஆனால் பிப்ரவரி வந்தால் அவர் பெரிய மனிதர்.
உறுப்பினர் ஒவ்வொருவருக்கும்
அரசாங்கம் மூட்டை மூட்டையாய் விதை கொடுக்கும்,
தொகுதிக்கு இலவசமாய் அனுப்பிவைக்க.
தபால்தலை வேண்டாம், கையெழுத்தே போதும்.
பீட்ரூட், டர்னிப், லெட்டூஸ், வெள்ளரி.
பன்னிரண்டாயிரம் வீடுகள்.
முகவரிச் சீட்டுகளை நக்கி நக்கி
ஏப்ரல்வரை என் நாக்கில் பசை ருசி.

பதில்கள் வரும்.
'உங்கள் டர்னிப் கடுகாய் முளைத்தது.
ஆனாலும் ஓட்டு உமக்கே.'
'கணவர் இறந்துவிட்டார்.
இனி என் பேருக்கு அனுப்புங்கள்.
பேர் ஓல்கா ப்ரன்ஸ்வோல்ட்.'
பட்டியலைத் திருத்தச் சொன்னார்.
அந்தம்மாவுக்கு ஓட்டில்லையே என்றேன்.
எனக்கும்தான் இல்லை, அதைச் சொல்லவில்லை.
'தோட்டம் இருக்கிறதே' என்றார்.

பதினேழாம் ஆண்டு ஏப்ரல். போர்த் தீர்மானம்.
நள்ளிரவு தாண்டியும் பேர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.
டபிள்யூவில் பேர் தொடங்குகிறவன்
அத்தனை நூறு 'ஆம்'களையும்
உட்கார்ந்து கேட்டாக வேண்டும்.
முறை வந்தது. இருமினார். 'இல்லை' என்றார்.
எழுத்தருக்குக் கேட்கவில்லை.
மறுபடி சொல்லச் சொன்னார்கள்.
இரண்டாவது இல்லை
மாடம்வரை வந்தது.
துணிச்சலா, பிடிவாதமா, தூக்கக் கலக்கமா,
இன்றுவரை எனக்குத் தெரியாது.

அந்த வசந்தத்தில் விதைகள் திரும்பி வந்தன.
பிரிக்காத பொட்டலங்கள்,
சிலதின்மேல் மஞ்சள் பெயின்ட்.
ஒன்றில் மட்டும் பென்சிலால், அழகான கையெழுத்தில்:
'கெய்சரின் தோட்டத்துக்கு அனுப்பு.'
ஓல்காவுடையது திரும்பவில்லை.
மூட்டையை இரண்டு தடவை கவிழ்த்துப் பார்த்தார்.

அடுத்த தேர்தலில் நாலாயிரம் ஓட்டில் தோற்றார்.
கோட்டு இரண்டும் ஒரே பெட்டிக்குள் அடங்கின.
நாற்காலி அரசாங்கத்துடையது.
மைக்கூடும் அரசாங்கத்துடையதுதான்,
அதைப் பையில் போட்டுக்கொண்டார்.
நான் ஜன்னலைப் பார்த்தேன்.

புதியவர் மொந்தை வயிற்றோடு வந்தார்,
பழைய பொட்டலங்களைக் குப்பையில் போடச் சொன்னார்.
ஒன்றை மட்டும் விடுதி அறைக்குக் கொண்டுபோய்
பிஸ்கட் தகரத்தில் மண் நிரப்பி விதைத்தேன்.
பொட்டலத்தில் பீட்ரூட் என்றிருந்தது.
முளைத்தது லெட்டூஸ்.

அவருக்கு எழுத வேண்டும் போலிருந்தது.
எழுதினேன், ஒன்றரைப் பக்கம்,
பாதிக்குமேல் வானிலை.
உறையின் மூலையில் என் விரல்
பழக்கத்தில் அவர் கையெழுத்தைத் தேடிற்று.
கீழே இறங்கிப் போய்
மூன்று சென்ட் தபால்தலை வாங்கி
நக்கினேன்.
அதே பசை.